ஒரு மூக்கா, இரண்டு மூக்கா?

என் தங்கை மகன் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருக்கிறான். மார்க் டூ, 1960களின் கடைசியில் வந்த வண்டி. வில்லியனூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் பார்க்கப் போனேன். மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களை ஜோடியாக வைத்திருந்தான். பித்தளையும் அலுமினியமுமாகப் பூஜைப் பாத்திரம் போலத் துலக்கி வைத்திருந்தது.

"மாமா, இது எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்தது. அதுக்கும் இதே இன்ஜின்தான். அதுல ரெண்டு, நம்ம வண்டில ஒண்ணு. ரெண்டையும் மாட்டிட்டா பறக்கும்ங்கறாரு மெக்கானிக். மாட்டிடலாமா?"

விலையைக் கேட்டேன், சொன்னான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

நான் மெக்கானிக் அல்ல. முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதிய குமாஸ்தா. ஆனால் இந்தக் கேள்விக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1978இல் எங்கள் அலுவலக அம்பாசிடரில் இழுவை போய்விட்டது. நாலு பேரை ஏற்றினால் கோரிமேட்டு ஏற்றத்தில் டாப் கியர் தாங்காது, மூன்றாம் கியருக்கு இறங்கவேண்டும். ஓட்டுநர், என்னைவிட இருபது வயது மூத்தவர், ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். செலவு அதிகம். வண்டிக் கோப்பு என் மேசையில். பள்ளியில் இயற்பியலைப் பிரெஞ்சில் படித்தவன் என்ற தைரியம் வேறு. "எஞ்சினின் சக்தி கார்புரேட்டரில்தான் தீர்மானமாகிறது. ஆகவே புதிய கார்புரேட்டர் வாங்கினால் போதும்" என்று குறிப்பு வைத்தேன். மேலதிகாரி கையெழுத்திட்டார். ஓட்டுநர் என் மேசைக்கு வந்து, "மூக்க மாத்திட்டா நெஞ்சு சரியாயிடுமா சார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அதனால்தான் மருமகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்று ஒரு குறுகலான தொண்டை வழியே போகும்போது வேகம் கூடும், அந்த இடத்தில் அழுத்தம் குறையும். அங்கே ஒரு துளை இருந்தால் பெட்ரோல் தானாக மேலேறிக் காற்றோடு கலக்கும். கார்புரேட்டர் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். இந்தக் குறுகலுக்குப் பெயர் தந்த வெஞ்சூரி இத்தாலியர். ஆனால் திரவ ஓட்டத்தைப் பற்றிய தம் ஆய்வை 1797இல் பாரீசில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். எங்கள் வாத்தியார் இதை வருடா வருடம் பெருமையாகச் சொல்வார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தொண்டை குறுகலாக இருந்தால் மெதுவான ஓட்டத்தில் பெட்ரோல் நன்றாக உறிஞ்சப்படும், வேகத்தில் மூச்சு முட்டும். அகலமாக இருந்தால் வேகத்தில் தாராளம், மெதுவான ஓட்டத்தில் காற்று சோம்பிப்போய் பெட்ரோலை இழுக்காது, வண்டி திணறும். ஒரே அளவுத் தொண்டையை வைத்து இரண்டையும் சமாளிக்க முடியாது.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு செருப்பு வியாபாரக் குடும்பம் விடை கண்டது. லில்லி அண்டு ஸ்கின்னர் என்ற காலணிக் கடைகளின் குடும்பம். அதில் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவருக்கு மோட்டார்ப் பித்து. எஞ்சின் எவ்வளவு மூச்சு கேட்கிறதோ அவ்வளவுக்குத் தொண்டை தானே விரிகிற மாதிரி ஒரு கார்புரேட்டர் செய்தார். ஆரம்ப கால மாதிரிகளில் அந்த விரிகிற பாகம் தோல் துருத்தி. செருப்புக் குடும்பம் அல்லவா, தோலுக்குப் பஞ்சமில்லை. பிறகு தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. பிஸ்டனின் அடியில் கூராகச் சீவிய ஓர் ஊசி. பிஸ்டன் ஏறினால் காற்றுக்கும் வழி பெரிதாகும், ஊசி ஜெட்டிலிருந்து விலகிப் பெட்ரோலுக்கும் வழி பெரிதாகும். 1910இல் கம்பெனி தொடங்கினார்கள். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம்தான் எஸ்.யு. 1926இல் மோரிஸ் கார்களின் மோரிஸ் அதை வாங்கிக்கொண்டார். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசான நம் அம்பாசிடருக்கு எஸ்.யு. வந்து சேர்ந்த வழி இதுதான்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். மோரிசும் ஆஸ்டினும் 1952இல் ஒன்றாகி பி.எம்.சி. ஆயின. ஆஸ்டின் பக்கத்திலிருந்து வந்தது பி வரிசை எஞ்சின். 1489 சி.சி., நான்கு சிலிண்டர். அதே எஞ்சினைப் பல வண்டிகளில் வைத்தார்கள். 1954இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு இரண்டாம் வரிசையில் ஒரு எஸ்.யு., சுமார் 50 குதிரைத்திறன். அதற்கு அடுத்த மூன்றாம் வரிசைதான் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆனது. எம்.ஜி. மேக்னெட் என்ற சொகுசுக் காரில் இதே 1489 சி.சி., இரண்டு ஒன்றேகால் அங்குல எஸ்.யு., 60 குதிரைத்திறன். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு ஒன்றரை அங்குல எஸ்.யு., முதலில் 68, விரைவிலேயே 72.

ஆக, மருமகனின் மெக்கானிக் சொன்னது பொய் இல்லை. கலெக்டரை ஏற்றிக்கொண்டு போன எஞ்சினும் ரேஸுக்குப் போன எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருவனுக்கு ஒரு மூக்கு, மற்றவனுக்கு இரண்டு.

ஆனால் 50க்கும் 72க்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாவது மூக்கால் வந்ததா?

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலத் தொண்டையின் பரப்பு 1.23 சதுர அங்குலம். ஒன்றரை அங்குலத்துக்கு 1.77. அதுவே இரண்டு என்றால் 3.53. அதாவது ஒரு ஒன்றேகாலிலிருந்து இரண்டு ஒன்றரைக்குப் போனால் மூச்சுவழி ஏறத்தாழ மூன்று மடங்கு. குதிரைத்திறனோ ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. மீதி எங்கே போயிற்று?

இதற்கு விடை எஞ்சினின் தலையில் இருக்கிறது. பி வரிசையின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காற்றுவழி கிடையாது. இரண்டுதான். 1, 2 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒன்று, 3, 4க்குப் பொதுவாக ஒன்று. இரண்டு வீட்டுக்கு ஒரு வாசல் மாதிரி. இரண்டு கார்புரேட்டர் வைத்தால் ஒரு வாசலுக்கு ஒன்று. வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. இதை வட்டமாக எழுதிப் பாருங்கள்: 3, 4 அடுத்தடுத்து மூச்சு இழுக்கும், பிறகு 2, 1 அடுத்தடுத்து இழுக்கும். பின் கார்புரேட்டர் எஞ்சினின் ஒரு சுற்று முழுக்க வேலை செய்யும்போது முன் கார்புரேட்டர் ஏறத்தாழ சும்மா இருக்கிறது. அடுத்த சுற்றில் மாறிக்கொள்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேரை நியமித்த காலம் ஒன்று இருந்தது, அந்த மாதிரி. ஒரு கார்புரேட்டர் மட்டும் இருந்தால் அது ஓய்வில்லாமல் நால்வருக்கும் மாறி மாறி ஊட்டுகிறது.

எனவே ஒரு நேரத்தில் முழு வேலையில் இருப்பது ஒரு தொண்டைதான். கணக்கை அப்படித் திருத்தினால் 1.77ஐ 1.23ஆல் வகுக்கவேண்டும். 1.44 வருகிறது. 72ஐ 50ஆல் வகுத்தாலும் 1.44! இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் நிதானம் வந்தது. இது வெறும் தற்செயல். எம்.ஜி.ஏ.வில் மாறியது கார்புரேட்டர் மட்டுமல்ல. அழுத்த விகிதத்தை 8.3க்கு உயர்த்தியிருந்தார்கள். கலவை போகிற வழியும் கழிவுப்புகை வெளியேறும் வழியும் வேறு. எது எவ்வளவு கொடுத்தது என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு கார்புரேட்டரின் உண்மையான லாபம் பரப்பில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஒற்றைக் கார்புரேட்டர் நடுவில் உட்கார்ந்திருக்கும். கலவை இருபுறமும் வளைந்து வளைந்து போகவேண்டும். வளைவில் பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவை ஆவியாக வேண்டும் என்று அந்தக் குழாயை எக்ஸாஸ்ட் சூட்டில் சூடாக்குவார்கள். சூடான காற்று விரிந்துவிடும், அதே இடத்துக்குள் குறைவான காற்றுதான் போகும். இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் தன் வாசலுக்கு நேர் எதிரே. பாதை குட்டை, வளைவு கிடையாது. வேகமாகச் சுழலும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். டவுன் பஸ் பின்னால் ஊர்ந்து போகும்போது தெரியாது.

எண்ணிக்கை அல்ல விஷயம் என்பதற்கு இன்னொரு சாட்சியும் அதே எஞ்சினில் இருக்கிறது. பின்னாளில் அதை 1798 சி.சி. ஆக்கினார்கள். 1962இல் எம்.ஜி.பி.: இரண்டு ஒன்றரை அங்குல எஸ்.யு., 95 குதிரைத்திறன். 1964இல் ஆஸ்டின் 1800 என்ற குடும்பக் கார்: ஒரே ஒரு எஸ்.யு., ஆனால் ஒன்றேமுக்கால் அங்குலம், 80 குதிரைத்திறன். ஒன்றேமுக்காலின் பரப்பு 2.4 சதுர அங்குலம். எம்.ஜி.பி.யின் ஒவ்வொரு தொண்டையையும்விடப் பெரியது! ஆனாலும் 15 குறைவு. காம்ஷாஃப்டும் அழுத்த விகிதமும் குடும்பஸ்தனுக்கு ஏற்றபடி அடக்கமாக வைக்கப்பட்டிருந்தன. குறைந்த வேகத்தில் நல்ல இழுவை வேண்டும் என்று ஒன்றையும், மேல் வேகத்தில் ஓடவேண்டும் என்று இரண்டையும் அவர்களே தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் பழைய வகுப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே அமதே கோர்தினி என்று ஒருவர் இருந்தார். மந்திரவாதி என்றே பட்டப்பெயர். 1950களின் பிற்பகுதியில் ரெனோ கம்பெனி தன் சின்ன தோஃபீன் காரை அவரிடம் கொடுத்து வேகமாக்கித் தரச் சொன்னது. அவர் கார்புரேட்டரை ஒன்றாகவே விட்டுவிட்டு ஹெட்டில் கைவைத்தார். சக்தி நன்றாகவே ஏறிற்று. 1964இல் வந்த ரெனோ 8 கோர்தினியில்தான் இரட்டைத் தொண்டை சோலெக்ஸ் இரண்டு, அதாவது சிலிண்டருக்கு ஒரு தொண்டை. 1108 சி.சி.யிலிருந்து 95 குதிரைத்திறன் என்றார்கள். அன்றைய அளவு முறையில் கொஞ்சம் தாராளமான கணக்குதான். ஆனாலும் அந்த நீல நிற வண்டி 1964, 65, 66 மூன்று வருடமும் கோர்சிகாத் தீவு ராலியை ஜெயித்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நான்கு தொண்டைகளுக்கு முன்னால் அவர் ஹெட்டையே புதிதாகச் செய்தார். அரைக்கோள எரியறை, ஒரு பக்கம் காற்று உள்ளே, மறு பக்கம் புகை வெளியே, சிலிண்டருக்குச் சிலிண்டர் தனி வாசல். வாசல் நான்கு ஆனபிறகுதான் மூக்கு நான்கு. வரிசை முக்கியம்.

(அந்த சோலெக்ஸ் கம்பெனியேதான் 1946இல் முன்சக்கரத்தின் மேல் குட்டி எஞ்சின் வைத்த வெலோசோலெக்ஸ் சைக்கிளை விற்றது. புதுச்சேரியில் ஒன்றை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். பிற்கால அம்பாசிடர்களிலும் எஸ்.யு. போய் சோலெக்ஸ் வந்தது. அப்போதும் ஒன்றுதான்.)

இரண்டின் தொல்லையையும் சொல்லவேண்டும். இரண்டு கார்புரேட்டர் என்பது இரண்டு மாடு பூட்டிய வண்டி. ஒன்று இழுத்து ஒன்று சோம்பினால் வண்டி கோணும். எஸ்.யு. ஜோடியைச் சரிசெய்ய அந்தக் கால மெக்கானிக்குகள் ஒரு ரப்பர்க் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைப்பார்கள். உஸ்ஸென்ற சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் கேட்கும்வரை திருகாணியைத் திருப்புவார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பார்ப்பார்கள். எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், நின்றுபோனால் குறைவு. நல்ல காது உள்ளவருக்குக் கால் மணி நேர வேலை. காது இல்லாதவரிடம் கொடுத்தால் அடுத்த வாரமும் அவரிடமே போகவேண்டியதுதான்.

பெரிய விபரீதம் ஒன்றும் நடந்திருக்கிறது. 1958இல் எம்.ஜி.ஏ. ட்வின் கேம் என்று ஒன்று விட்டார்கள். 1588 சி.சி., இரண்டு ஒன்றேமுக்கால் அங்குல எஸ்.யு., அழுத்த விகிதம் 9.9, சக்தி 108. காகிதத்தில் அற்புதம். ரோட்டில் பிஸ்டன்கள் ஓட்டையாயின. வாங்கியவர்கள் திட்டினார்கள். 1960இல் நிறுத்திவிட்டார்கள், மொத்தம் 2,111 வண்டிகள்தான். மிக உயர்ந்த அழுத்த விகிதம், பெட்ரோலின் தரம், டைமிங் என்று காரணங்கள் சொன்னார்கள். பல வருடம் கழித்து அந்த வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள். கார்புரேட்டர்களை எஞ்சினோடு இறுக்கமாகப் பூட்டியிருந்ததால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்து பெட்ரோல் நுரைத்தது, கலவை மெலிந்தது, எஞ்சின் சூடேறித் தட்டியது. அதற்கு மருந்து நடுவில் நெகிழ்வான ஒரு தாங்கி. ஒரு நல்ல எஞ்சினின் பெயரைக் கெடுக்க இவ்வளவு போதும்.

கடைசியில் ஒன்றா இரண்டா என்ற கேள்வியைச் சக்தியே தீர்மானிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1970இல் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டத்தை இறுக்கினார்கள். எம்.ஜி.பி.யில் பாதிக்கு மேல் போனது அமெரிக்காவுக்கு. 1975 மாடலிலிருந்து அங்கே போகும் வண்டிகளில் ஜோடி எஸ்.யு.வை எடுத்துவிட்டு ஒரே ஒரு செனித் ஸ்ட்ராம்பர்க் வைத்தார்கள். புகையின் அளவு சட்டத்துக்குள் நிற்கவேண்டும் என்றால் ஒன்றை அடக்குவது இரண்டை அடக்குவதைவிடச் சுலபம். சக்தி 95இலிருந்து அறுபதுகளுக்கு இறங்கிற்று. குறைந்த அழுத்த விகிதமும் சேர்த்து வார்த்த இன்டேக் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும்கூட அதற்குக் காரணம். ஆனால் ஜனங்கள் பழியைக் கார்புரேட்டர் மேலேயே போட்டார்கள். இங்கிலாந்தில் விற்ற வண்டிகளில் 1980இல் தயாரிப்பு நிற்கும்வரை இரண்டு எஸ்.யு. இருந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே எஞ்சின், கப்பல் ஏறினால் ஒரு மூக்கு, ஏறாவிட்டால் இரண்டு.

1978 கோப்புக்கு வருகிறேன். புதிய கார்புரேட்டர் வந்தது, மாட்டினார்கள். கோரிமேட்டில் அதே மூன்றாம் கியர். ஆறு மாதம் அப்படியே ஓடிற்று. பிறகு ஒருநாள் திண்டிவனம் ரோட்டில் அதிகாரியோடு நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களிலும் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் எரிந்து கடித்த முறுக்கு போல இருந்தது. அந்த இரண்டு சிலிண்டருக்கும் புகை போக ஒரே பொது வழி, சூடு அதிகம் தங்குகிற இடம் அது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஓட்டுநருக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. எனக்கல்ல, அவருக்கு. அந்த மெமோவைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். என் குறிப்பு அதே கோப்பில் நாலு பக்கம் முன்னால் இருந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. அவர் பதில் எழுதிக் கொடுத்ததில் என் பெயர் இல்லை. ஓய்வு பெறும்வரை எப்போதும்போல வணக்கம் சொன்னார்.

மருமகனிடம் போன வாரம் சொன்னேன்: "முதல்ல ஹெட்டைக் கழட்டி வால்வைப் பாருடா. உன் வண்டியில அழுத்தமும் கம்மி, காமும் சாது. அதெல்லாம் எம்.ஜி. மாதிரி ஆக்கறதுன்னா இரண்டு மூக்கு வேணும், அது இல்லாம முடியாது. ஆனா நீ திண்டிவனம் போய்ட்டு வரதுக்குக் கேக்கற. ஒண்ணு போதும்."

முகம் வாடிவிட்டது, ஆனாலும் கழற்றினான். நடு இரண்டு வால்வும் எரிந்திருக்கிறது. ஹெட் இப்போது லேத்தில் இருக்கிறது. பழைய ஒற்றை எஸ்.யு.வுக்குப் புது ஊசியும் ஜெட்டும் சொல்லியிருக்கிறான். அந்த ஜோடியை வாங்கின விலைக்கே தள்ளிவிடப் பார்க்கிறான். தெரிந்தவர்கள் யாராவது பழைய எம்.ஜி. வைத்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.